மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்களா? குமரி மாவட்டத்து நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

“நாமினி எதுக்கு மக்ளே? நான் செத்துப் போவேன்னு டாக்டர் சொன்னாரா?”

குளச்சல் பக்கமிருந்து வந்த ஒரு பெரியம்மா என்னைக் கேட்டது. பிரஷர் மாத்திரை ஆய்வு ஒன்றுக்காக வந்திருந்தார். மேசையில் பதினாறு பக்கப் படிவம். பதினைந்து பக்கத்துக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தவர், கடைசிப் பக்கத்தில் வாரிசுதாரர் பெயர், உறவுமுறை என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது ரூல்ஸ்ல உள்ளது பெரியம்மா, எல்லாரும் எழுதணும்” என்றேன். பதிலா அது? கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு வேலை புதிது, மனசுக்குள் அவரைத் திட்டினேன். அன்று அந்த அறையில் படிவத்தைச் சரியாகக் கவனித்த ஒரே ஆள் அவர்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகச் சில வருஷம் இருந்தேன். சுகர், பிரஷர், ஆஸ்துமா, ஈரல், கிட்னி என்று கத்தி வைக்காமல் பார்க்கும் நோய்கள்; அவற்றுக்கான மருந்து ஆய்வுகள். வருகிறவர்கள் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை. படிவம், மாத்திரை எண்ணிக்கை, ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் ஒட்டும் சீட்டு, நோயாளிக்கு பஸ் காசு, இவைதான் என் வேலை.

ஆய்வு என்றதும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ‘நம்மள எலியாக்கப் பாக்குறானுவ’ என்பது ஒன்று. ‘ஓசியில நல்ல மருந்து கிடைக்கு, சேர்ந்துக்க’ என்பது இன்னொன்று. இரண்டிலும் ஒரே தவறுதான்: சிகிச்சை வேறு, ஆய்வு வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் டாக்டர் சீட்டு எழுதும்போது அவர் மனதில் உள்ள கேள்வி ‘இந்த ஆளுக்கு எது நல்லது?’ ஆய்வின் கேள்வி ‘இந்த மாதிரி ஆட்களுக்கு எது நல்லது?’ இரண்டாவது கேள்விக்கு விடை தேடுகிறவரும் உங்கள் மேல் அக்கறை உள்ளவராகவே இருப்பார். ஆனாலும் மருந்தை அவர் தேர்ந்தெடுக்க முடியாது, அளவை இஷ்டப்படி மாற்ற முடியாது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

முதல் படி: எந்த வகை ஆய்வு என்று கேளுங்கள்

ஆய்வு என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து விஷயம் இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ குலசேகரத்தில் உள்ள மருத்துவக் கல்லூரியிலோ மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர் ஒருவர் வந்து, ‘உங்க ரத்த ரிப்போர்ட்டை என் ஆய்வுக்கு எடுத்துக்கலாமா, பத்து கேள்வி கேட்கலாமா’ என்றால், அது பெரும்பாலும் அவருடைய ஆய்வேடாக இருக்கும். எம்.டி. படிக்கிறவர்கள் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். புது மருந்து எதுவும் கிடையாது. உங்களுக்குப் போவது அரை மணி நேரமும் சில சமயம் 5 மில்லி ரத்தமும்தான். அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும், ஆனால் ராத்தூக்கம் கெடத் தேவையில்லை.

மருந்து கம்பெனி நடத்துவது வேறு ரகம். சந்தைக்கு வராத மருந்தையோ, ஏற்கெனவே உள்ள மருந்தின் புதுப் பயன்பாட்டையோ சோதிப்பார்கள். முதல் கட்டம் மிகச் சிலரிடம், பாதுகாப்பைப் பார்க்க. இரண்டாம் கட்டம் அளவைக் கண்டுபிடிக்க. மூன்றாம் கட்டம் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம், பழைய மருந்தோடு ஒப்பிட. நான்காம் கட்டம் மருந்து கடைக்கு வந்த பிறகு. எங்களிடம் வந்தவற்றில் மூன்றாம், நான்காம் கட்டமே அதிகம். ‘இது எத்தனாவது கட்டம்?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர் உங்களைச் சேர்க்கக் கூடாது.

நம் மாவட்டத்துக்காரர்கள் பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போவது வழக்கம். அங்கே ஆய்வில் சேரச் சொன்னால் மலையாளப் படிவத்தை நீட்டக்கூடும். விளவங்கோடு பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்க எல்லோருக்கும் வராது. தமிழ்ப் படிவம் கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் தருவது அவர்கள் கடமை. அந்த மொழிபெயர்ப்பையும், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்திருக்க வேண்டும். ஓரமாக நின்று யாரோ ஒருவர் வாயால் பெயர்த்துச் சொல்வது படிவம் ஆகாது.

இரண்டாம் படி: பதிவு எண்ணைத் தேடுங்கள்

இந்தியாவில் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்ய ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் பொதுப் பதிவேடு ஒன்று 2007 முதல் இருக்கிறது. பெயர் சி.டி.ஆர்.ஐ. 2009 ஜூனிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்வது கட்டாயம். பதிவு எண்ணில் சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும் ஆண்டும் மாதமும் ஒரு நீண்ட எண்ணும் வரும். வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் போனில் ஐந்து நிமிஷத்தில் தேடி எடுத்துவிடும். காசு கிடையாது. யார் பணம் போடுகிறார்கள், எந்தெந்த ஊரில் நடக்கிறது, எத்தனை பேர், நெறிமுறைக் குழு ஒப்புதல் வந்ததா, தொடர்புக்கு யார் என்று எல்லாம் அங்கே கிடக்கும்.

பதிவு இருப்பதாலேயே ஆய்வு நல்லது என்று ஆகாது. ஆனால் நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்குப் பதிவே இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

நெறிமுறைக் குழுவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். வக்கீல் ஒருவர், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர், பெண் ஒருவராவது கட்டாயம். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள்தான். டாக்டர் பேராசிரியராகவே இருந்தாலும் இவர்கள் தலையாட்டாமல் ஒரு மாத்திரை கொடுக்க முடியாது. குழுவின் தொலைபேசி எண் உங்கள் படிவத்தில் இருக்கும். அதைத் தனியாக எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: சீட்டுக் குலுக்கலைப் புரிந்துகொள்ளுங்கள்

படிவத்தில் மக்களை மிகவும் உறுத்துகிற வரி இதுதான்: ‘நீங்கள் எந்தக் குழுவில் சேர்க்கப்படுவீர்கள் என்பது தற்செயலாக முடிவாகும்.’ புது மருந்து ஒரு குழுவுக்கு. இன்னொரு குழுவுக்குப் பழைய மருந்து, அல்லது மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். பல ஆய்வுகளில் உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

‘டாக்டர் பாத்துக் கொடுக்கப்பிடாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டாக்டர் தேர்ந்தெடுத்தால், கொஞ்சம் திடமாக இருப்பவருக்குப் புது மருந்தும் நலிந்தவருக்குப் பழைய மருந்தும் போகும், அவர் அறியாமலே. அப்புறம் புது மருந்துக்காரர் தேறினால் அது மருந்தாலா, உடம்பு வாகாலா?

கொரோனா நினைவிருக்கும். குணமானவர் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மாவைத் தேடி 2020-ல் ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் அலைந்தது. கொடுத்தால் பிழைப்பார்கள் என்று டாக்டர்கள் பலரும் நம்பினார்கள். ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தது. பிளாஸ்மா பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் நோய் முற்றுவதும் சாவும் ஏறக்குறைய ஒரே அளவு. அதே வருஷம் இங்கிலாந்தில் அதே மாதிரி குலுக்கிப் பார்த்ததில், சில ரூபாய் விலையுள்ள டெக்சாமெத்தசோன் என்ற மருந்து ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் சாவைக் குறைத்தது தெரிந்தது. நம்பிக்கை ஒரு பக்கம் இருந்தது, விடை மறுபக்கத்தில் கிடந்தது.

நம் மாநிலத்திலேயே இதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கும் ஆஸ்பத்திரியில்) கட்டில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறு பாதி நெருக்கடியான சொந்த வீட்டில், அதே மாத்திரையோடு. ஒரு வருஷ முடிவில் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் வெளிவந்த அந்த முடிவுக்குப் பிறகுதான் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. அன்று குலுக்கலில் ‘வீடு’ என்று விழுந்தவர்கள் நிச்சயம் முகம் சுளித்திருப்பார்கள்.

டம்மி மாத்திரை இருக்கிற ஆய்வு என்றால் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: ‘நான் இப்போ சாப்பிடற மாத்திரையை நிறுத்தணுமா?’ சில ஆய்வுகளில் பழைய மருந்தோடு சேர்த்து டம்மி கொடுப்பார்கள், பாதகமில்லை. சிலவற்றில் பழையதை இரண்டு மூன்று வாரம் நிறுத்திவிட்டுத் தொடங்குவார்கள். அந்த வாரங்களில் சுகரோ பிரஷரோ ஏறினால் யார் பார்ப்பார்கள், எந்த அளவைத் தாண்டினால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

நான்காம் படி: படிவத்தை வீட்டுக்குக் கொண்டு போங்கள்

ஓ.பி.யில், பின்னால் முப்பது பேர் டோக்கனோடு நிற்கும்போது, கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்பது உங்கள் உரிமை. ‘இன்னைக்கே முடிச்சிரணும்’ என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரம் அவர்களுடையது. நானும் அவசரப்படுத்தியிருக்கிறேன், மாதக் கடைசியில் ஆள் எண்ணிக்கை காட்ட வேண்டியிருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவு ஆய்வுகளுக்கு மட்டும் உண்மையிலேயே நேரம் இருக்காது.

வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். நான் உட்கார வைத்து விளக்கும் ஆளாக இருந்ததால், எந்தக் கேள்வி எங்களை நெளிய வைக்கும் என்று தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் எந்த நம்பருக்கு அடிக்க வேண்டும், யார் எடுப்பார்கள்? ஆய்வுக்காகச் செய்யும் டெஸ்டுக்கு நான் காசு கட்ட வேண்டுமா? (கூடாது. வழக்கமான சிகிச்சைக்கு மேல் ஆய்வால் வரும் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை.) நான் எத்தனை தடவை வர வேண்டும், அருமனையிலிருந்து வந்து போக பஸ் காசும் அன்றைய கூலியும் தருவீர்களா? இந்த ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கு வரும் பதிலைப் புது மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ரத்த மாதிரியை என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். ‘எதிர்கால ஆய்வுக்குச் சேமித்து வைக்கலாம்’ என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் அடிக்காமலும் ஆய்வில் சேரலாம் பெரும்பாலும். எனக்கு இதில் இரண்டு மனசு. காரணம், நம்மூர் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி). இளம் வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து சுகர் வரும் ஒரு நோய் கேரளத்தில் அதிகம் தென்பட்டது. டாக்டர் கீவர்கீஸ் நிறைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்தார். ஏழைகள், மரச்சீனி சாப்பிடுகிறவர்கள். ஆகவே கிழங்கில் உள்ள சயனைடுதான் காரணம் என்று ஒரு கருத்து பல வருஷம் நிலைத்தது. ஆனால் மரச்சீனியே சாப்பிடாத இடங்களிலும் அதே நோய் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் ரத்த மாதிரிகளில் மரபணுவைப் பார்த்தபோது, ஸ்பிங்க் 1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் இருந்தது தெரிந்தது. யாரோ ரத்தம் கொடுத்ததால்தான் கிழங்கு மேலிருந்த பழி பெருமளவு இறங்கியது. அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கே வைப்பார்கள், பெயர் ஒட்டியிருக்குமா, பின்னால் அழிக்கச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டு டிக் அடியுங்கள்.

ஐந்தாம் படி: கையெழுத்து

படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் சாட்சி ஒருவர் வேண்டும். அவர் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஆளாக இருக்க வேண்டும். விளக்கம் முழுவதும் கூடவே இருந்து கேட்டிருக்க வேண்டும். கடைசியில் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினால் அந்தப் படிவம் செல்லாது.

கூட வந்தவர் பேசுவதையும் கவனிக்க வேண்டும். ஒரு தடவை மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்த மருமகன், கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகனை டீ குடிக்க அனுப்பிவிட்டு, “மாமா, இப்ப நான் சொன்னது என்னன்னு ஒருக்கா சொல்லுங்க” என்றேன். “எனக்கு சுகர் இல்லாம ஆக்கிருவீங்கன்னு சொன்னான்” என்றார். ஒரு மணி நேர விளக்கம் காற்றில் போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து. உங்களிடம் யாரும் இப்படித் திருப்பிச் சொல்லக் கேட்கவில்லை என்றால் நீங்களாகவே சொல்லிக் காட்டுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

எளிதில் நெருக்குதலுக்கு உள்ளாகக்கூடியவர்களைப் புத்தம் புது மருந்து ஆய்வில் சேர்க்கும்போது, சம்மதம் வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்து ஆய்வென்றால் குரல் பதிவு மட்டும் போதும். கேமராவைக் கண்டு மிரள வேண்டாம், அது உங்களுக்கான காவல்.

இப்போது அந்த வாரிசுதாரர் விஷயம். பெரியம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இது: ஆய்வு மருந்தால் உயிர் போனால் நடத்துகிறவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. யாருக்குத் தருவது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் பெயர். இழப்பீட்டுக் கணக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் கடுமையையும் கொண்டு போடப்படும். சாவைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு இதை மறைப்பது நோயாளிக்குச் செய்கிற துரோகம்.

கையெழுத்துப் போட்டதும் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும், இரு தரப்புக் கையெழுத்தோடு. ‘அடுத்த தடவை தாறோம்’ என்றால் கையெழுத்தையும் அடுத்த தடவை போடுங்கள்.

ஆறாம் படி: தகுதிப் பரிசோதனை, பை நிறைய மருந்து

கையெழுத்துப் போட்டதும் மருந்து வராது. ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்து, ஆய்வின் அளவுகோலுக்குள் வந்தால்தான் சேர்ப்பார்கள். நிறையப் பேர் இங்கே கழிக்கப்படுவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ரிப்போர்ட் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வழக்கமான டாக்டருக்கு உதவும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெறும் வயிற்று ரத்தம் என்றால், விடியும் முன் வெட்டி முடித்துவிட்டுக் காலையில் வந்து கொடுப்பது சரியாக வராது. அத்தனை மரத்துக்கும் நடந்து வெட்டிய பிறகு சுகர் அளவு வேறாக இருக்கும். அன்றைக்கு ஒரு நாள் லீவு போடுங்கள்.

வீட்டில் உள்ள மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொல்வார்கள். நம்மூர் ஆட்கள் இங்கிலீஷ் மருந்தை மட்டும்தான் கொண்டு வருவார்கள். இது வர்ம ஆசான்கள் உள்ள மாவட்டம். இடுப்புப் பிடிப்புக்கு ஆசானிடம் வாங்கிய கஷாயம், சளிக்கு லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சூரணம், இவை யாருக்கும் மருந்தாகவே தோன்றுவதில்லை. டாக்டர் திட்டுவார் என்ற பயமும் உண்டு.

ஒரு பிரஷர் ஆய்வில் ஒருவருக்கு எத்தனை வாரமாகியும் அளவு இறங்கவில்லை. பொட்டாசியம் வேறு குறைந்துகொண்டே போனது. டாக்டர் தலையைச் சொறிந்தார். நான் மறுபடி உட்கார வைத்து, மாத்திரையை விட்டுவிட்டு, காலையிலிருந்து ராத்திரி வரை வாயில் போடுவது என்னென்ன என்று கேட்டேன். தொண்டைக் கமறலுக்கு அதிமதுரம், மாதக்கணக்கில், தினம் மூன்று நேரம் மென்றுகொண்டிருந்திருக்கிறார். அதிமதுரம் அளவு மீறினால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இது மருத்துவப் பாடத்திலேயே உள்ளது. நிறுத்தியதும் இறங்கத் தொடங்கியது. அவர் சொல்லாமலே இருந்திருந்தால் பழி ஆய்வு மருந்தின் மேல் விழுந்திருக்கும். ஆகவே வாயில் போடுவது எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், பொட்டலத்தோடு.

ஏழாம் படி: ஆய்வுக்குள் இருக்கும்போது

பிரஷர் அளப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு மருந்தின் தலையெழுத்தே கையில் கட்டும் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெயிலில் விறுவிறுவென்று நடந்து, மாடிப்படி ஏறி வந்தவரை உடனே அளந்தால் 160 காட்டும். அதே ஆள் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தால் 142. அந்தப் பதினெட்டுக்காகத்தான் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்து மருந்து தேடுகின்றன.

அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது. சிறுநீர் போய்விட்டு வாருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் இரண்டும் தரையில், கால் மேல் கால் போடக் கூடாது. கை மேசை மேல், பட்டை நெஞ்சுக்கு நேராக. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடிக் காட்டும்; பெரிய பட்டை கேளுங்கள். அளக்கும்போது பேசக் கூடாது. இதுதான் நம்மவர்களால் முடியாதது. ‘பேரனுக்கு அட்மிஷன் கிடைச்சுதா?’ என்று நர்ஸும் கேட்பார், இவரும் பதில் சொல்வார், பாதரசமும் ஏறும். ஒரு தடவை அளந்து விட்டுவிட்டால் இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

மாத்திரை எண்ணிக்கைக்கு வருவோம். ஒவ்வொரு வருகையிலும் மிச்சத்தை எண்ணுவோம். முப்பது நாளுக்கு முப்பத்தைந்து கொடுத்தால் ஐந்து திரும்ப வர வேண்டும். கடலுக்குப் போகும் ஒரு அண்ணாச்சி, ஒவ்வொரு தடவையும் சரியாக ஐந்தோடு வருவார். ஒன்று கூடாது, குறையாது. எனக்கே அவர்மேல் பெருமை. ஒரு நாள் அவர் மனைவி தனியாக வந்தபோது, “அவங்க கடலுக்குப் போனா மாத்திரை வீட்லதானே கிடக்கும், வாற அன்னைக்கு எண்ணிப் பாத்துக் கிணத்தடியில கொட்டுவாங்க” என்றார். அடுத்த வருகையில் கேட்டேன். “கணக்கு ஒத்து வரணும்லா மக்ளே, இல்லேன்னா உனக்குத்தானே ஏச்சு” என்றார். என்மேல் உள்ள பிரியத்தில் ஆய்வைக் கெடுத்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

மாத்திரை தவறினால் தவறியது என்று சொல்லுங்கள். எங்களுக்கு ஏச்சு விழாது. தவறியதும் ஒரு தகவல்தான். எல்லோரும் மறக்கிற மாத்திரை என்றால் அது நாட்டுக்குத் தெரிய வேண்டும். அதே மாதிரி, ‘அவளுக்கும் பிரஷர்தானே’ என்று மனைவிக்குப் பங்கு வைக்காதீர்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் ஆட்கள், கடலுக்குப் போனால் திரும்ப எத்தனை வாரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாதாமாதம் வர வேண்டிய ஆய்வு உங்களுக்குப் பொருந்தாது. அதைச் சொல்லி ஒதுங்குவதில் தவறில்லை.

விரதத்தையும் சொல்லுங்கள். சுகர் ஆய்வில் இருந்த ஒருவர் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் கிளம்பிவிட்டார். முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல், விசிறியைக் கையில் பிடித்து ‘கோவிந்தா கோபாலா’ என்று விரதத்தோடு ஓட்டம். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார்! வழியில் சுகர் இறங்கி மயங்கி விழுந்தார். கூட ஓடியவர்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள். நோன்பு, தவக்காலம், ஒரு சந்தி எதுவானாலும் ஒரு வாரம் முன்னால் போன் செய்தால் டாக்டர் வழி சொல்வார்.

எட்டாம் படி: ஏதாவது ஆகிவிட்டால்

ஆய்வில் சேர்ந்ததும் சின்ன அடையாள அட்டை ஒன்று தருவார்கள். அதை ஆதாரோடு சேர்த்துப் பையில் வையுங்கள். மார்த்தாண்டத்தில் வண்டியிலிருந்து விழுந்து வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் அந்த அட்டையைக் காட்ட வேண்டும், உங்களுக்குள் என்ன மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்று தெரியாத குருட்டு ஆய்வு என்றாலும் உயிருக்கு ஆபத்து என்றால் என்ன மருந்து என்பதைத் திறந்து பார்க்க வழி இருக்கிறது.

சாவு, உயிராபத்து, ஆஸ்பத்திரியில் சேர்வது, நிரந்தர ஊனம், பிறக்கும் குழந்தைக்குக் குறை, இவை ‘தீவிர பாதகம்’ என்ற கணக்கில் வரும். மருந்தால் வந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கு முன்பே, தெரிந்த 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மேலிடத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தகவல் கொடுக்க வேண்டும். அதனால் நீங்களும் உடனே சொல்ல வேண்டும். ‘பஸ்ஸு இடிச்சதுக்கும் மாத்திரைக்கும் என்ன?’ என்று நினைக்காதீர்கள். தலைசுற்றி விழுந்தீர்களா, பஸ் வந்து இடித்ததா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆய்வின்போது உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும்; அந்தக் கேடு ஆய்வால் வரவில்லை என்று நிரூபணமாகும் வரை அது தொடர வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போயிருந்தால் பில், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக் கடை ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். பதில் இழுத்தடித்தால் தனியாக எழுதி வைத்தீர்களே, அந்த நெறிமுறைக் குழு எண், அதற்கு அடியுங்கள். நேரே எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒன்பதாம் படி: விலகுவது

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சை அங்கேயே தொடரும். ஆனால் போனை எடுக்காமல் காணாமல் போகாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. ஒரு கடைசி ரத்தப் பரிசோதனைக்கு வந்துவிட்டுப் போங்கள். அதுவரை எடுத்த விவரங்கள் பெரும்பாலும் கணக்கில் இருக்கும், அதையும் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: முடிந்த பிறகு

கடைசி வருகை அன்று பூங்கொத்து யாரும் தரமாட்டார்கள். மிச்ச மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அன்றே மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். நாளைக் காலையிலிருந்து நான் என்ன மாத்திரை சாப்பிட வேண்டும், அதற்கான சீட்டு. என் ஆய்வு ரிப்போர்ட்டுகளின் பிரதி. நான் எந்தக் குழுவில் இருந்தேன் என்பது எப்போது தெரியும், யார் சொல்வார்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் வர ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். எல்லா ஊர்க் கணக்கும் சேர்ந்த பிறகுதான் பூட்டைத் திறப்பார்கள். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்; ஒருங்கிணைப்பாளர் வேலை மாறிப் போயிருப்பார், நான் போன மாதிரி. ஃபைலில் உள்ள பதிவு எண்ணைச் சொல்லி நீங்களே கேளுங்கள். புது மருந்தாக இருந்திருந்தால் அதன் பெயரைப் பழைய சீட்டுகளோடு எழுதி வையுங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும், ‘இந்த வருஷம் இத்தனை மாசம் இந்த மருந்து சாப்பிட்டேன்’ என்று தேதியோடு சொல்ல அந்த ஒரு வரி வேண்டும்.